நெஞ்சக் கொடை

சென்னைக் கடற்கரை நிலையத்தினின்று தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயில், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து, தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தில் சிறிது நின்று செல்கிறது. அந்நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனை தன் பெயரை ஒரு ரயில் நிலையத்துக்கு ஈந்திருப்பது அரிய செய்தியன்றோ? நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோர் பல்லாயிரவர். எனினும், மூச்சுக்காகப் போராடிய மக்களின் புகலிடத்தைக் குறிப்பதே அச்சொல் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நோயுற்ற நுரையீரலுக்கு நல்ல காற்றைத் தேடித் தந்த இடம் அது. நல்ல காற்று கிடைத்தும் அதனை உள்வாங்க இயலாத நுரையீரலையே மாற்றி, வேறொன்றைப் பொருத்தும் கலை, ஒரு நூற்றாண்டுக்குள் அதே வட்டாரத்தில் நடைபெறலாயிற்று. இடையில் நிகழ்ந்தவை அறியத்தக்கவை.

காசநோய்க்கு மருந்து அறியப்படாத காலம் ஒன்று இருந்தது. உடலை உருக்கும் அந்நோயை எலும்புருக்கி என்று மக்கள் அழைத்தனர். தூய காற்று, கதிரவன் ஒளி, ஊட்டமான உணவு, ஓய்வு ஆகிய நான்கினையும் தவிர மருத்துவர் தரக்கூடியது வேறொன்றும் இல்லை. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின்மீது இத்தகைய நலவாழ்வு இல்லம் ஒன்றை நடத்தியவர், தமிழ்நாட்டு மருத்துவர் டேவிட் சவரிமுத்து. கணித மேதை இராமானுசன் நோயுற்றிருந்தபோது, 1917-ஆம் ஆண்டில் சில காலம் அவ்வில்லத்தில் தங்கினார். பின்னர்த் தாயகம் திரும்பிய சவரிமுத்து, 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தை அடுத்த பச்சைமலைச் சரிவில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு நலவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே வளர்ந்து இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஸ்டிரெப்டோமைசின் முதலிய மருந்துகள் தோன்றின. அவற்றைக் கொண்டு, நோயாளிகள் சிலரை நலவாழ்வு இல்லத்திலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று சென்னையில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் முடிவு 1959-இல் வெளியாயிற்று. மருந்தைத் தவறாது உட்கொண்டால், சிறு வீட்டில் வறுமையில் வாழ்வோரும் இல்லத்தில் தங்கியோருக்கு இணையாகக் குணமடைவர் என்பது தெளிவாயிற்று. உலகெங்கும் நலவாழ்வு இல்லங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்குச் சென்னையில் கண்ட இவ்வுண்மையும் ஒரு காரணம். தாம்பரத்தில் பெயர் நிலைத்தது, மருத்துவம் மாறியது.

ஆயினும் எல்லா நுரையீரல்களும் மருந்துக்கு இணங்குவன அல்ல. மனிதனின் நுரையீரல்களில் முப்பது கோடிக்கு மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. சிலருக்கு இந்நுண்ணறைகள் சிதைந்து, பெரிய வெற்றுப் பைகள் ஆகிவிடுகின்றன. வேறு சிலருக்கோ அச்சுவர்கள் தழும்பேறித் தடித்துவிடுகின்றன. தழும்பேறிய நுரையீரல், காய்ந்த கடற்பஞ்சைப் போல் விரியாது. இன்னும் சிலருக்கு நுரையீரலின் இரத்தக் குழாய்கள் குறுகிவிடுகின்றன. அக்குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளவேண்டிய வலப்பக்க இதயம், அடைபட்ட வாய்க்காலில் நீர் இறைப்பவனைப் போல் ஓயாது உழைத்து, வீங்கி, முடிவில் சோர்ந்துபோகிறது. இதயமும் நுரையீரலும் தனித்தனி உறுப்புகளாயினும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளை ஒத்தவை. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றும் தளர்கிறது. இதனாலேயே சிலருக்கு இதயம் மட்டும், சிலருக்கு நுரையீரல் மட்டும், சிலருக்கு இரண்டும் ஒருங்கே மாற்றப்படவேண்டியுள்ளது.

மாற்றுவது எளிதாயிருந்ததா? அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி என்பார் 1963-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் முதன்முதலாக ஒருவருக்கு நுரையீரலை மாற்றினார். அந்நோயாளி 18 நாள் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்டு 1967 டிசம்பர் 3-இல் முதன்முதலாக மனித இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். அவரும் 18 நாளே வாழ்ந்தார். உலகம் வியந்து நின்ற அச்செய்தியின் ஓசை அடங்குமுன், 1968 பிப்ரவரியில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் அம்முயற்சியை மேற்கொண்டார். அவருடைய நோயாளி மூன்று மணி நேரமே உயிர் தரித்தார். இந்தியாவில் இதய மாற்றம் வெற்றி பெறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மூன்று மணி நேரம்தானா என்று இன்று இகழ்தல் எளிது. அன்று கையிலிருந்த கருவிகளை எண்ணினால், அந்தத் துணிவே போற்றத்தக்கது.

தையல் வேலையில் பெருங்குறை இல்லை. குறை உடலின் இயல்பில் இருந்தது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள், நாட்டின் எல்லைக் காவலரைப் போன்றவை. தம்முடையது அல்லாத எதனையும் அவை பகையாகவே கருதித் தாக்கும். நோய்க்கிருமி வந்தாலும் தாக்கும். உயிர் காக்க வந்த இதயத்தையும் தாக்கும். இக்காவலரைச் சற்றே அடக்கி வைக்கும் மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மருந்து நிறுவனம் ஒன்றின் ஊழியர் 1969-இல் நார்வேக்கு விடுமுறைப் பயணம் சென்றார். அங்கிருந்து மண்ணைப் பொதிந்து கொண்டுவந்தார். அந்த மண்ணில் வாழ்ந்த பூஞ்சைக் காளான் ஒன்றிலிருந்து சைக்ளோஸ்போரின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. வெள்ளணுக்களை அது அடக்குவதை அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் கண்டனர். அம்மருந்தின் துணைகொண்டு, 1981 மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் புரூஸ் ரைட்ஸ் என்பவர் ஒரு பெண்மணிக்கு இதயத்தையும் இரு நுரையீரல்களையும் ஒருங்கே மாற்றினார். அதற்குமுன் மூன்று முறை முயன்றும் ஒருவரேனும் ஒரு திங்கள் வாழ்ந்ததில்லை. இப்பெண்மணியோ ஐந்து ஆண்டு வாழ்ந்தார். 1983-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் நுரையீரல் மாற்றமும் முதன்முறையாக நிலைத்த பயன் தந்தது.

நம் நாட்டில் உறுப்பு மாற்றத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1994-ஆம் ஆண்டு ஜூலையில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று அது விதித்தது. ஆகஸ்டு 3-இல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் பி. வேணுகோபால் இதய மாற்றத்தை வெற்றியுடன் செய்து முடித்தார். சென்னையில் 1975-ஆம் ஆண்டிலேயே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைத்துப் புகழ்பெற்ற கே.எம். செரியன், 1999-இல் முகப்பேரில் இந்தியாவின் முதல் இதய நுரையீரல் மாற்றத்தைச் செய்தார்.

கலை கைவந்தது. கருவிகள் வந்தன. இதயம் எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில் மருத்துவம் ஒரு துயர வீட்டின் வாயிலில் நின்று கையேந்த வேண்டியிருக்கிறது. சாலை விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவருக்கு மூளை முற்றிலும் அழிந்துவிடுகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டும் செயலற்றுப் போகிறது. ஆயினும் செயற்கைச் சுவாசக் கருவி காற்றை உட்செலுத்துவதால் மார்பு ஏறி இறங்குகிறது, இதயம் துடிக்கிறது, உடம்பில் வெதுவெதுப்பு உண்டு. இந்நிலையை மூளைச்சாவு என்பர். இஃது ஆழ்ந்த மயக்கம் அன்று. மீளும் வழியில்லாத இறப்பே ஆகும். கண்ணின் பாவையில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பர். காதினுள் குளிர்ந்த நீரைச் செலுத்திப் பார்ப்பர். சுவாசக் கருவியை விலக்கி, தானாக ஒரு மூச்சேனும் எழுகிறதா என்று காத்திருந்து பார்ப்பர். நான்கு மருத்துவர் அடங்கிய குழு இச்சோதனைகளைச் செய்து, ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில் மீண்டும் ஒருமுறை செய்த பின்னரே முடிவை அறிவிக்கவேண்டும் என்பது விதி. உறுப்பைப் பொருத்தும் மருத்துவர் அக்குழுவில் இடம்பெறலாகாது.

விதி தெளிவானது. ஆனால் மகனின் கை இன்னும் சூடாயிருக்கும்போது, அவன் இறந்துவிட்டான் என்பதை ஒரு தாய் எவ்வாறு ஏற்பாள்? தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டுப் பகுதியில் உள்ளது திருக்கழுக்குன்றம். அவ்வூரில் மருத்துவராகப் பணியாற்றிய கணவனும் மனைவியும் 2008 செப்டம்பரில் இந்நிலைக்கு ஆளாயினர். பதினைந்து வயது நிரம்பிய அவர்தம் மகன் விபத்தில் அடிபட்டு, சென்னை மருத்துவமனையில் மூளைச்சாவு எய்தினான். மருத்துவராதலின், கருவி காட்டும் துடிப்பு ஏமாற்றுத் துடிப்பு என்பதை இருவரும் அறிவர். அறிவது வேறு, தாங்குவது வேறு. அவர்கள் மகனுடைய உறுப்புகளைக் கொடுக்க இசைந்தனர். அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் கொண்டு செல்லப்பட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பில் துடித்தது. வழியெங்கும் காவலர் ஊர்திகளை நிறுத்தி வைத்தனர். அச்செய்தி தமிழ்நாட்டை உலுக்கியது. அதன்பின் உறுப்புக் கொடைக்கு இசைந்த குடும்பங்கள் பெருகின. எந்த உறுப்பு யாருக்கு என்பதை வரிசையின்படி முடிவு செய்யும் முறையை அரசும் அமைத்தது.

உறுப்புக் கொடையைப் பற்றிப் பேசுவோர், புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்தளித்த சிபி மன்னனை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அவ்வுவமை முற்றும் பொருந்துவது அன்று. சிபி தன் உடலைத் தானே தந்தான். புறாவையும் கண்முன் கண்டான். இங்கே கொடுக்கும் பெற்றோர் தம்முடையதைவிட மேலாகக் கருதிய உடலைத் தருகின்றனர். பெறுபவர் முகத்தையோ பெரும்பாலும் காண்பதில்லை. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதன்பின், எளிய குடிசை வாயில்களிலும் அரசின் சார்பில் மலர்வளையங்கள் வைக்கப்படலாயின.

கொடை கிடைத்ததும் காலத்தோடு போட்டி தொடங்குகிறது. உடலினின்று எடுத்த இதயம், குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரமே தாங்கும். நுரையீரல் அதனினும் சிறிது கூடுதலாகத் தாங்கும். சிறுநீரகமோ ஒரு நாள் அளவும் காத்திருக்கும். ஆகவே இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் விலையுடையது. 2014 ஜூன் 16-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து அடையாறு வரையுள்ள ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வழியை, மாலை நெரிசலிலும் 14 நிமிடத்துக்குள் கடந்து ஓர் இதயம் வந்து சேர்ந்தது. மும்பையைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி அதனைப் பெற்றாள். வெளியூரிலிருந்து விமானத்தில் வரும் உறுப்புகள் மீனம்பாக்கத்தில் இறங்குகின்றன. அவ்வேளையில் பெருந்தெற்குச் சாலையில் ஊர்திகள் ஒதுங்கி நிற்க, ஒரு சிறு குளிர்ப்பெட்டியைச் சுமந்த ஊர்தி விரைந்தோடுவதைக் காணலாம். அப்பெட்டியினுள் இருப்பது, ஒருவன் கைப்பிடியளவே ஆன, 300 கிராம் எடைகொண்ட தசை. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தில்லியில் இறந்த முதியவர் ஒருவரின் இதயம் அவ்வாறு வான்வழியாகச் சென்னைக்கு வந்தது. அதனைப் பெற்ற 19 வயது நங்கை கராச்சியைச் சேர்ந்தவள். நாட்டெல்லை அந்த இதயத்துக்குத் தெரியவில்லை போலும்.

முன்பு நகரின் நடுவே மட்டும் நடைபெற்ற இம்மருத்துவம் தென்புற ஊர்களுக்கும் பரவியது. ஏரியும் வயலுமாயிருந்த பெரும்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. குரோம்பேட்டையில், முகமது ரேலா நிறுவிய மருத்துவ நிலையம் 2018-இல் திறக்கப்பட்டது. அது நிற்கும் தெருவுக்குச் சி.எல்.சி. ஒர்க்ஸ் சாலை என்று பெயர். ஊருக்கே பெயர் தந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கம் அது. தோல் பதனிட்ட தெருவின் பெயரில் இன்று இதயமும் நுரையீரலும் கல்லீரலும் மாற்றப்படுகின்றன.

அறுவைக் கூடத்தில் நிகழ்வது யாது? நோயாளியின் இரத்தத்தை ஒரு பொறி வாங்கி, பிராணவாயு ஊட்டி, மீண்டும் உடலுக்குச் செலுத்துகிறது. அவ்வேளையில் மார்பினுள் இதயம் இருந்த இடம் வெற்றிடமாய் இருக்கும். பழையதை எடுத்து, புதியதன் குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்தபின், இரத்தம் அதனுள் பாய விடப்படுகிறது. குளிர்ந்து அசைவற்றிருந்த தசை முதலில் நடுங்கும், பிறகு துடிக்கும். எத்தனை முறை கண்டாலும் அந்நொடியில் கூடத்தில் இருப்போர் மூச்சடக்கி நிற்பர் என்பர். வியப்புக்குரிய மற்றொன்றும் உண்டு. இரத்தக் குழாய்களை இணைக்கலாம். நரம்புகளை இணைக்க இயலாது. மூளையின் கட்டளை எட்டாத நிலையிலும் மாற்றிதயம் தன்னுள்ளே அமைந்த முடுக்கியால் தானே துடிக்கிறது. அதன் துடிப்பு நிமிடத்துக்கு 90-க்கு மேலாகச் சற்று விரைவாகவே இருக்கும். அதனைப் பெற்றவர் மாடிப்படி ஏறினால், இதயம் உடனே விரைவதில்லை. இரத்தத்தில் கலந்த சுரப்புநீர் வந்து அறிவித்த பின்னரே விரைகிறது. ஓய்ந்து அமர்ந்த பின்னும் சிறிது நேரம் விரைந்துகொண்டே இருக்கும்.

குளிர்ப்பெட்டியின் நான்கு மணி நேரத்தை நீட்டிக்கும் வழியை அறிஞர் தேடிவருகின்றனர். டொராண்டோவில், எடுத்த நுரையீரலைக் கண்ணாடிக் கூட்டில் வைத்து, உடல் வெப்பத்தில் ஊட்டநீர் பாய்ச்சி, காற்றும் செலுத்தி, பழுதைச் செப்பனிட்டுப் பிறகு பொருத்தும் முறையைக் கண்டனர். ஐயத்துக்குரியவை என்று முன்பு ஒதுக்கிய நுரையீரல்கள் பல இதனால் பயன்பட்டன. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2014-இல், துடிப்பு நின்றபின் எடுத்த இதயத்தை ஒரு பொறியில் வைத்து மீண்டும் துடிக்கச் செய்து பொருத்தினர். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மரபணு திருத்திய பன்றியின் இதயம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு திங்கள் வாழ்ந்தார். சீன நாட்டில், மூளைச்சாவு எய்திய ஒருவர் உடலில் பன்றியின் நுரையீரல் ஒன்பது நாள் இயங்கியதாக 2025-இல் அறிவித்தனர். இரண்டு திங்கள், ஒன்பது நாள் என்னும் இக்கணக்குகள், 1963-இலும் 1967-இலும் கண்ட 18 நாள்களை நினைவூட்டுகின்றன.

மாற்றுறுப்புப் பெற்றவரின் வாழ்வு கவலையற்றது என்று எண்ணுதல் தவறு. இதயம் மாற்றப்பட்டவருள் பாதிப்பேர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். நுரையீரல் மாற்றப்பட்டவருள் பாதிப்பேர் ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் வாழ்கின்றனர். இதயம் உடலின் உள்ளே காப்பாக இருப்பது. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் வெளியுலகின் தூசையும் கிருமியையும் எதிர்கொள்வது. வேறுபாட்டுக்கு இதுவே பெருங்காரணம். எல்லைக் காவலரை அடக்கி வைக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டும். ஒரு வேளை தவறினாலும் தீங்கு நேரலாம்.

காவலர் அடங்கிய நாட்டில் பழைய பகைவன் தலைதூக்குவது இயல்பு. இந்தியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் உடலில் காசநோய்க் கிருமி துயிலும் நிலையில் உள்ளது. உடல் வலிமை உள்ளவரை அது விழிப்பதில்லை. மாற்றுறுப்பைக் காக்கும் மருந்து, துயிலும் கிருமிக்கு வாயில் திறந்துவிடக்கூடும். இங்கே ஒரு சிக்கலும் எழுகிறது. காசநோயைத் தீர்க்கும் சிறந்த மருந்துகளுள் ஒன்று ரிபாம்பிசின். அது கல்லீரலைத் தூண்டி, மாற்றுறுப்பைக் காக்கும் மருந்தை விரைவில் அழித்துவிடச் செய்கிறது. கிருமியைக் கொன்றால் உறுப்பை இழக்க நேரலாம். உறுப்பைக் காத்தால் கிருமி பெருகலாம். ஆகவே மருத்துவர் ரிபாம்பிசினுக்கு மாற்றாக வேறொன்றைத் தருவர். அன்றி, இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி அளந்து, கூட்டியும் குறைத்தும் தருவர்.

எனவே, நுரையீரல் வேண்டி வரிசையில் பெயர் எழுதுமுன், பச்சைமலைச் சரிவில் 1928-இல் கேட்ட அதே கேள்வியை இன்றும் முதலிற் கேட்கின்றனர். நோயாளிக்கோ, அவர் வீட்டில் எவருக்கேனுமோ முன்பு காசநோய் இருந்ததுண்டா என்று வினவுகின்றனர். மார்பினை ஒளிப்படம் எடுத்து, பழைய தழும்பு ஏதேனும் உண்டா என்று தேடுகின்றனர். கிருமி துயில்வதாகத் தெரிந்தால், அதனை ஒழிக்க மருந்து தருகின்றனர். புதிய நுரையீரல் பெற்று வீடு திரும்பியவர் நாள்தோறும் காலையில் ஒரு சிறு குழாயில் மூச்சை வலிந்து ஊதி, கருவி காட்டும் எண்ணை ஏட்டில் குறித்து வைக்கிறார். எண் குறைந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செய்தி அனுப்புகிறார்.